தினமும் இரவு இரண்டு மணிக்கு அம்மாவை எழுப்பும் தலைவலி

காவிரிக்கரை | பிப்ரவரி 11, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். நீண்ட பதிவு, பொறுத்துக்கொண்டு முழுவதும் படியுங்கள்.

என் அம்மாவுக்கு வயது 68. திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டில் இருக்கிறார். அப்பா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு இரவுகள் அம்மாவோடு தங்குவேன்.

பதினோரு மாதங்களாக ஒரு தலைவலி அம்மாவைப் பாடாய்ப் படுத்துகிறது. பத்து மணிக்குப் படுத்தால் பத்து நிமிடத்தில் உறங்கிவிடுவார். ஒன்றே முக்காலுக்கும் இரண்டரைக்கும் இடையில், யாரோ தோளைத் தொட்டு எழுப்பியதுபோல எழுந்து உட்கார்ந்துவிடுவார். நெற்றி முழுவதும், இரண்டு பக்கமும், பிடரி வரைக்கும் ஈரத்துணியால் இறுக்கிக் கட்டியதுபோல வலி என்கிறார். ஒரு மணி நேரம், சில நாட்களில் ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டுத் தானாகப் போய்விடும். பகலில் வலி என்ற பேச்சே இல்லை. மதியம் கண் அயர்ந்தால் அப்போதும் சில சமயம் வந்துவிடுகிறது. வாரத்தில் ஐந்து நாட்களாவது இது உண்டு.

வலி வந்தால் அவரால் படுத்திருக்க முடிவதில்லை. எழுந்து கூடத்துக்கும் கொல்லைக்கும் நடப்பார், முகம் கழுவுவார், சமையலறையில் பாத்திர ஓசை கேட்கும். வாந்தி இல்லை, வெளிச்சம் கூசுவதில்லை.

பார்த்த வைத்தியத்தைச் சொல்கிறேன். முதலில் பார்த்த மருத்துவர் ரத்த அழுத்தம் என்றார், மாத்திரையைக் கூட்டினார். கண் மருத்துவர் கண்ணாடியை மாற்றினார். காது மூக்கு தொண்டை மருத்துவர் சைனஸ் என்று மூக்குக்கு மருந்து கொடுத்தார். சி.டி. ஸ்கேன் எடுத்தோம், கோளாறு எதுவும் இல்லை என்று வந்தது. நான்காவதாகப் பார்த்தவர், "வயதானால் தூக்கம் குறையும், தனியாக வேறு இருக்கிறீர்கள், மனம்தான் காரணம்" என்று தூக்க மாத்திரை எழுதினார். அதைப் போட்ட மூன்றாம் நாள் இரவு அம்மா குளியலறை வாசலில் விழுந்தார். நல்ல வேளையாக எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டோம். அதைப் போட்ட நாட்களிலும் வலி தன் நேரத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

இப்படிக் கடிகாரம் பார்த்து வரும் தலைவலியை யாராவது பார்த்திருக்கிறீர்களா?


மருதமுத்து | பிப்ரவரி 11, இரவு 10:15

சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டுப் படுக்கச் சொல்லுங்கள் சகோதரி. வாயுக் கோளாறாகவும் இருக்கலாம். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிட்டால் நல்லது. என் பாட்டிக்கு இதுதான் கேட்டது.


கொங்குநாடன் | பிப்ரவரி 12, அதிகாலை 1:35

இந்த நேரத்தில் விழித்துக்கொண்டிருப்பவன் என்பதால் நான் எழுதவேண்டும்.

எனக்குக் கிளஸ்டர் தலைவலி ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறது. ஆண்டுதோறும் சித்திரையில் தொடங்கும், ஆனி வரை விடாது. இரவு ஒரு மணிக்கு, படுத்து ஒன்றரை மணி நேரத்தில் வரும். வலது கண்ணுக்குப் பின்னால் பழுக்கக் காய்ச்சிய கம்பியை நுழைத்துத் திருப்புவதுபோல இருக்கும். அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் கொட்டும், இமை தொங்கிவிடும், அந்தப் பக்க மூக்கு அடைத்துக்கொள்ளும். சுவரில் தலையை முட்டிக்கொண்டு நடப்பேன். கால் மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் வரை நீடிக்கும் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு மணி நேரம். நோயின் பெயர் தெரிவதற்குள் நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கக் கொடுத்துவிட்டேன்.

பெயர் தெரிந்த பிறகுதான் வாழ்க்கை திரும்பியது. வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறேன். பை வைத்த முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி அழுத்திப் பிடித்து, நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் வரை வைத்துக் கால் மணி நேரம் மூச்சிழுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காத நாளுக்குச் சுமாட்ரிப்டான் ஊசி. பருவம் தொடங்கியதும் வலி வராமல் தடுக்க வெரபமில் மாத்திரை, அதற்கு இ.சி.ஜி. பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார்கள்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், கடிகாரம் பார்த்து வரும் தலைவலி என்றதும் எனக்கு என்னுடையதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் நீங்கள் எழுதியதை மறுபடி படித்தால் பொருந்தவில்லை. உங்கள் அம்மாவுக்கு இரண்டு பக்கமும் வலிக்கிறது. கண்ணில் நீர் இல்லை. நடக்கிறார் என்றாலும் பாத்திரம் எடுத்து வைக்குமளவுக்கு நிதானம் இருக்கிறது. எனக்கு வலி வரும்போது பாத்திரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒரு கண் சிவக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா என்பதை மட்டும் அடுத்த முறை விளக்கைப் போட்டுப் பாருங்கள் அக்கா. அது முக்கியம்.


தெளிநீர் | பிப்ரவரி 12, காலை 8:20

நான்காவது மருத்துவர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். துணையை இழந்தவர்களுக்கு நடு இரவில் விழிப்பு வருவது இயல்பு. விழித்தபின் நினைவுகள் வரும், நினைவுகளோடு தலைவலி வரும். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.


காவிரிக்கரை | பிப்ரவரி 12, மாலை 6:05

தெளிநீர், வெட்கம் இல்லை. அம்மாவை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகவும் நான் தயார். ஆனால் உங்கள் பதிலை அவருக்குப் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் விழித்துக்கொண்டு வலியைத் தேடவில்லை அம்மா. வலிதான் என்னை எழுப்புகிறது. உன் அப்பாவை நினைத்து விழித்த இரவுகளும் எனக்கு உண்டு. அது வேறு, இது வேறு" என்றார்.

இரண்டையும் அனுபவித்தவர் பிரித்துச் சொல்லும்போது நான் அதை நம்புகிறேன்.

கொங்குநாடன், நீங்கள் அதிகாலையில் உட்கார்ந்து எழுதியதற்கு நன்றி தம்பி. நேற்று இரவு இங்கேதான் இருந்தேன். 2:05க்கு எழுந்தார். டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தேன். சிவப்பு இல்லை, நீர் இல்லை, மூக்கும் சாதாரணமாக இருந்தது.


ஓய்வுபெற்ற நரம்பியலாளர் | பிப்ரவரி 12, இரவு 8:50

முப்பத்தோரு ஆண்டுகள் நரம்பியல் பார்த்தவன். நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மையார் சொன்ன அந்த ஒரு வாக்கியம், வலிதான் எழுப்புகிறது என்பது, நோய்க்குறிப்பில் முதல் வரியாக இருக்கவேண்டியது. அவரைப் பார்த்தவர்கள் எவரும் அதைக் கேட்டு வாங்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த தலைவலியை வயது என்றும் மனம் என்றும் ஒதுக்கக்கூடாது. இவற்றுக்கு விடை வேண்டும்.

தலை வாரும்போது நெற்றிப்பொட்டில், அதாவது கண்ணுக்கும் காதுக்கும் இடையில், தொட்டால் வலிக்கிறதா? முறுக்கோ சப்பாத்தியோ மென்றால் தாடை வலித்து, நிறுத்தினால் விடுகிறதா? ஒரு கண் பார்வை சில நொடிகள் மங்கித் திரும்பியதுண்டா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் நாளைக் காலையே மருத்துவரிடம் போங்கள். நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சி பார்வையைப் பறித்துவிடும். பறித்தபின் திரும்ப வராது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற எளிய ரத்தப் பரிசோதனைகளிலேயே துப்புக் கிடைக்கும்.

குறட்டை விடுகிறாரா, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா? சர்க்கரை நோய் உண்டா, என்ன மாத்திரை? இரவில் சர்க்கரை தாழ்ந்தாலும் தலைவலியோடு விழிப்பார்கள். உடுத்திய துணி வியர்வையில் நனைந்திருக்கும். இரவில் மட்டும் ரத்த அழுத்தம் ஏறுகிறதா? வாரத்துக்கு எத்தனை வலி மாத்திரை போடுகிறார்? சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களுக்குக் குறையாமல் மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொடுக்கத் தொடங்கும்.

கடைசியாக ஒரு கேள்வி. வலி வந்ததும் அவர் என்ன செய்கிறார், எதைச் செய்தால் சற்றுக் குறைகிறது? அவரிடமே கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள்.


காவிரிக்கரை | பிப்ரவரி 14, இரவு 10:10

ஐயா, ஒவ்வொன்றாகக் கேட்டேன். தலை வாரினால் வலி இல்லை, மெல்லும்போது வலி இல்லை, பார்வை மங்கியதில்லை. இலேசான குறட்டை உண்டு. மூச்சு நிற்பதை நான் பார்த்ததில்லை. சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் எடுக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனுடன் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை. பாரசிட்டமால் வாரத்துக்கு இரண்டோ மூன்றோ. அதனால் பயன் இல்லை என்று அதையும் விட்டுவிட்டார்.

உங்கள் கடைசிக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரியாத இரண்டு செய்திகள் வெளியே வந்தன.

ஒன்று, அம்மா கணக்கு எழுதி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளை எறிய மாட்டார்கள். பால் கணக்குக்கு என்று பின்பக்கத்தை வைத்துக்கொண்டு, ஒரு பழைய ஹேர்பின்னில் செருகி ஆணியில் மாட்டியிருப்பார். அந்தக் கட்டை எடுத்து வந்து கொடுத்தார். ஒரு மூலையில் பால் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று இருக்கிறது. இன்னொரு மூலையில் "2:10 - 3:15", "1:50 - 2:40", "இல்லை", "2:15 - 3:45" என்று பென்சிலில் பொடிப்பொடியாக எழுதியிருக்கிறார். ஐப்பசியிலிருந்து நூற்றுக்கும் மேல் தாள்கள். யாரிடமும் காட்டவில்லை. "யார் கேட்டார்கள்?" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

இரண்டாவது, அந்தப் பாத்திர ஓசை. வலி தொடங்கியபோது முதல் மருத்துவர் மதியத்துக்குப் பிறகு காபி கூடாது என்று சொல்லியிருந்தார். நானும் கண்டிப்பாக நிறுத்திவிட்டேன். அம்மா இரவு இரண்டு மணிக்கு வலியோடு எழுந்து, காலைக்கென்று இறக்கி வைத்த டிகாக்ஷனில் கால் தம்ளர் எடுத்து, பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். குடித்த நாட்களில் முக்கால் மணி நேரத்தில் வலி விடுகிறதாம், குடிக்காத நாட்களில் ஒன்றரை மணி நேரம். அந்தத் தாள்களைப் பார்த்தேன். சிலவற்றில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக "கா" என்று இருக்கிறது.

தூக்கம் கெடுவது காபியால்தான் என்று முன்பு ஒருமுறை அவரைக் கடிந்துகொண்டேன். அதிலிருந்துதான் ஒளித்துக் குடித்திருக்கிறார்.


ஓய்வுபெற்ற நரம்பியலாளர் | பிப்ரவரி 15, காலை 7:30

அம்மா, அந்தத் தாள்களை ஒன்றுகூட விடாமல் வரிசையாக அடுக்கி வையுங்கள். நீங்கள் பார்க்கப் போகும் நரம்பியல் மருத்துவருக்கு ஸ்கேன் படத்தைவிட அவைதான் அதிகம் சொல்லும்.

இப்போது பெயரைச் சொல்கிறேன், ஐயம் என்ற அளவில் மட்டும். ஹிப்னிக் தலைவலி என்று ஒன்று இருக்கிறது. உறக்கத்தில் மட்டுமே பிறந்து ஆளை எழுப்பும் தலைவலி. ஆங்கிலத்தில் அலாரம் கடிகாரத் தலைவலி என்றும் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோவில் நீல் ரஸ்கின் என்ற நரம்பியல் மருத்துவர் 1988-இல் ஆறு முதியவர்களைப் பற்றி எழுதியபோதுதான் மருத்துவ உலகுக்கு இது தெரியவந்தது. அரிய நோய். தலைவலிக்கென்றே நடக்கும் சிறப்பு மையங்களுக்கு வருபவர்களில்கூட நூற்றுக்கு ஒருவர் தேறமாட்டார். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

2018-இல் வெளிவந்த சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு இதற்கு வைத்திருக்கும் அளவுகோல் இது: உறக்கத்தில் மட்டுமே தோன்றி எழுப்பவேண்டும், மாதத்தில் பத்து நாட்களாவது, மூன்று மாதத்துக்கு மேல் வந்திருக்கவேண்டும், விழித்தபின் கால் மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் வரை நீடிக்கவேண்டும், கண்ணீர், மூக்கடைப்பு, இமை தொங்கல், கிளஸ்டருக்கே உரிய அந்தப் பதற்றம் ஆகியவை இருக்கக்கூடாது. மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு வலி இரு பக்கமும் இருக்கும். பகல் தூக்கத்திலும் வரலாம். உங்கள் அம்மாவுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி வந்தவர் இருட்டறையில் அசையாமல் கிடக்க விரும்புவார். இவர்கள் எழுந்துவிடுவார்கள், நடப்பார்கள், எதையாவது படிப்பார்கள், எதையாவது குடிப்பார்கள்.

ஏன் அதே நேரத்துக்கு வருகிறது? முழு விடை இன்னும் இல்லை. மூளையின் அடித்தளத்தில் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி நம் உறக்கத்தையும் விழிப்பையும் நாள் கணக்கையும் ஆள்கிறது. ஹிப்னிக் தலைவலிக்காரர்களின் எம்.ஆர்.ஐ. படங்களை ஜெர்மனியில் ஒப்பிட்டபோது அந்தப் பகுதியின் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது. கிளஸ்டரிலும் அதே பகுதியைத்தான் சந்தேகிக்கிறார்கள். கொங்குநாடனுக்கும் உங்கள் அம்மாவுக்கும் வலி வேறு என்றாலும் கடிகாரம் ஒன்றாக இருக்கலாம்.

இனி காபி. இந்த நோய்க்குப் பயன்படும் மருந்துகளில் காபியில் உள்ள காஃபினும் ஒன்று. படுக்கப் போகுமுன் ஒரு கோப்பை காபி குடிக்கச் சொல்கிறோம். வலியோடு எழுந்தபின்னும் கொடுப்பதுண்டு. உங்கள் அம்மா யாரும் சொல்லாமலே தன் மருந்தைக் கண்டுபிடித்திருக்கிறார்.

ஆனால் இன்று இரவே தொடங்காதீர்கள். மற்றவை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் இந்தப் பெயரைச் சூட்டலாம். சி.டி. போதாது, எம்.ஆர்.ஐ. வேண்டும், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலோ சிறுமூளைப் பக்கமோ கட்டி இருந்து இதேபோல வேடம் காட்டியவர்கள் உண்டு. இருபத்துநான்கு மணி நேர ரத்த அழுத்தப் பதிவு, ஆக்சிஜன் அளவோடு ஓர் உறக்கப் பரிசோதனை, இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவற்றையும் செய்யச் சொல்லுங்கள். கிளிமிபிரைடு இரவில் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடியது. ஆகவே வலியோடு எழும் அந்த நேரத்திலேயே, மூன்று இரவுகளாவது, விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். இது வீட்டிலேயே ஆகும், இன்றே தொடங்கலாம்.


மருதமுத்து | பிப்ரவரி 15, காலை 9:00

படுக்கும்போது காபியா? ஐந்து மணிக்கு மேல் ஒரு வாய் குடித்தால் எனக்குக் கோழி கூவும்வரை தூக்கம் வராது. வயதானவருக்கு இப்படிச் சொல்வது சரிதானா ஐயா?


ஓய்வுபெற்ற நரம்பியலாளர் | பிப்ரவரி 15, காலை 11:20

நியாயமான கேள்வி. உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் காபி குடித்துவிட்டு நன்றாக உறங்குகிறார்கள் என்பது பார்த்துப் பார்த்து அறிந்தது. எனக்கும் முதல் நோயாளிக்கு எழுதும்போது கை தயங்கத்தான் செய்தது. உறக்கம் கெட்டால் நிறுத்திவிட்டு வேறு மருந்துக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்.


மருந்தாளுநர் வைகை | பிப்ரவரி 15, மாலை 4:45

அந்த வேறு மருந்துகளைப் பற்றி நான் சொல்லவேண்டும். இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது பெயரைக் குறித்துக்கொண்டு கடைக்கு வந்துவிடக்கூடாது.

ஹிப்னிக் தலைவலிக்கு லித்தியம் நன்றாகக் கேட்கும் மருந்து; 1988 கட்டுரையிலேயே அதுதான் வருகிறது. ஆனால் அதன் பயனுள்ள அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது. ரத்தத்தில் அளவு பார்க்கவேண்டும், சிறுநீரகமும் தைராய்டும் பார்க்கவேண்டும். காவிரிக்கரையின் அம்மா எடுக்கும் ரத்த அழுத்த மாத்திரையில் இருக்கும் டெல்மிசார்டன், ஹைட்ரோகுளோரோதயசைடு இரண்டுமே ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவையும் ஏற்றும். கை நடுங்கத் தொடங்கி, நடை தள்ளாடி, பேச்சுக் குழறும்வரை வீட்டார் அதை முதுமை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். என் மாமியாருக்கு வேறு நோய்க்காக லித்தியம் கொடுத்திருந்தார்கள். வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்துக் குறைந்து, மூன்றே நாட்களில் கரண்டி பிடிக்க முடியாமல் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

இண்டோமெதசின் என்ற மாத்திரையும் சிலருக்குக் கேட்கும். அது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைத் தொடும், ரத்த அழுத்தத்தைக் கூட்டும். உறக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் இவற்றைவிட மென்மையானது, ஆனால் எல்லோருக்கும் கேட்பதில்லை. எது என்றாலும், அம்மா எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவர் மேசைமேல் கொட்டுங்கள்.


பனங்கூடல் | பிப்ரவரி 16, இரவு 11:30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் இதைத் தலையிடி என்போம். என் தந்தைக்கு 74 வயது. அவருக்கும் விடியப்புறம் தலையிடி. ஒன்றரை வருடமாக பனடோல் (பாரசிட்டமால்) தவிர வேறு எதுவும் செய்யவில்லை, வயது என்றே விட்டுவிட்டோம். நரம்பியலாளர் ஐயா எழுதியதைப் படித்தபின் நேற்றிரவு அவர் எழும்பியபோது சேர்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். முதுகு முழுவதும் நனைந்திருந்தது. பக்கத்து வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி வாங்கி வந்து குத்திப் பார்த்தால் 52, மிகக் குறைவு. உடனே சீனி போட்ட தேத்தண்ணீர் கொடுத்தேன். பதினைந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார், தலையிடியும் மெல்ல இறங்கியது.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச்சென்றேன். இரவில் போடும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி, மற்றதன் அளவைக் குறைத்திருக்கிறார்கள். ஒன்றரை வருடமாக ஒவ்வொரு இரவும் அவர் எவ்வளவு கீழே போய்த் திரும்பியிருப்பார் என்று நினைக்கக் கை நடுங்குகிறது. இந்தக் கேள்வியைக் கேட்ட அக்காவுக்கு நன்றி.


காவிரிக்கரை | பிப்ரவரி 17, காலை 6:15

பனங்கூடல், இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளையின் அப்பா நன்றாக இருக்கட்டும்" என்று பூஜையறையில் விளக்கைத் தூண்டிவிட்டார்.


கொங்குநாடன் | மார்ச் 2, அதிகாலை 12:50

அக்கா, என்ன ஆயிற்று?


காவிரிக்கரை | மார்ச் 14, இரவு 9:20

தாமதத்துக்கு மன்னியுங்கள். எல்லாம் முடியட்டும் என்று இருந்தேன்.

முதலில் வீட்டில் செய்தது. நான்கு இரவுகள் வலியோடு எழுந்த உடனே சர்க்கரை பார்த்தேன். 118, 131, 109, 126. தாழவில்லை. பிறகு திருச்சியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். இளம் பெண். ஸ்கேன் உறையை நீட்டினேன். அதை ஓரமாக வைத்துவிட்டு, "நீங்கள் சொல்லுங்கள் பாட்டி" என்று அம்மா பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். பதினோரு மாதத்தில் முதன்முறையாக ஒருவர் என்னிடம் கேட்காமல் அம்மாவிடம் கேட்டார்.

அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த நாட்காட்டித் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். மருத்துவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பால் கணக்கையும் படித்தார். "கா" என்றால் என்ன என்று கேட்டார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காபி" என்றார். மருத்துவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து "கா" இருந்த தாள்களையும் இல்லாத தாள்களையும் தனித்தனியாக அடுக்கி, வலி எத்தனை நிமிடம் என்று கூட்டிப் பார்த்தார். கூட்டிவிட்டு அம்மாவிடம், "இதை எழுதி வைத்ததற்கு நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும்" என்றார்.

எம்.ஆர்.ஐ.யில் வயதுக்குரிய மாற்றங்கள் தவிர வேறு இல்லை. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. சரியாக இருந்தன. ஒரு நாள் முழுவதும் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பதிந்தார்கள், இரவில் ஏறவில்லை. உறக்கப் பரிசோதனையில் சிறிதளவு மூச்சுத் தடை இருக்கிறது. இந்தத் தலைவலிக்கு அது காரணமாகாது, ஒருக்களித்துப் படுத்தால் போதும் என்றார்கள். எல்லாம் முடிந்தபின் அவரும் ஹிப்னிக் தலைவலி என்றார்.

மார்ச் 1 முதல் இரவு ஒன்பதே முக்காலுக்கு ஒரு தம்ளர் காபி, சர்க்கரை இல்லாமல். முதல் இரவு நான் உறங்கவே இல்லை. அம்மா உறங்கினார். 2:10 ஆயிற்று. 2:30 ஆயிற்று. மூன்று மணிக்கு எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தேன். ஐந்து மணிக்குக் கறவைக்காரர் மணி அடித்தபோதுதான் கண் விழித்தார்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வலி வந்தது, நேரம் தள்ளி மூன்றரைக்கு, இலேசாக. அதன் பிறகு இன்றுவரை பத்து இரவுகளில் இரண்டு முறை. இது போதாவிட்டால் மெலடோனின் சேர்க்கலாம், லித்தியத்துக்கு இப்போது போகவேண்டாம் என்று மருத்துவரே சொன்னார். வைகை, உங்கள் சொல்படி மாத்திரைப் பையைக் கொட்டினேன். பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்.


தெளிநீர் | மார்ச் 15, காலை 7:50

காவிரிக்கரை, அம்மாவிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். நான் எழுதியது அக்கறையில்தான், ஆனால் அவரிடம் கேட்காமல் எழுதினேன்.


ஆடுதுறையாள் | ஜூன் 20, பிற்பகல் 3:10

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். என் அத்தைக்கும் இதே நோய் என்று மருத்துவர் உறுதிசெய்திருக்கிறார், காபியும் சொல்லியிருக்கிறார். இரண்டு வாரமாகக் கொடுக்கிறோம், பயனே இல்லை. நீங்கள் எப்படிக் கொடுக்கிறீர்கள்?


காவிரிக்கரை | ஜூன் 20, இரவு 8:35

எந்தப் பொடி வாங்குகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். எங்களுக்கும் ஏப்ரலில் இப்படி ஆயிற்று. பத்து நாள் தொடர்ந்து வலி. மருத்துவரிடம் பேசினால், "பொடியை மாற்றினீர்களா?" என்றார். மாற்றித்தான் இருந்தோம். வழக்கமான கடை பூட்டியிருந்ததால் வேறு கடையில் வாங்கிய பொடியில் நூற்றுக்கு நாற்பது சிக்கரி. சிக்கரியில் காஃபின் கிடையாது. நிறமும் கசப்பும் திடமும் மட்டுமே அதன் பங்கு. நாக்குக்குத் திடமாகத் தெரியும், ஆனால் மருந்து குறைவாகத்தான் போயிருக்கும்.

இப்போது சிக்கரி கலக்காத பொடியாக அரைத்து வாங்குகிறோம். ஃபில்டரில் இரண்டு மேசைக்கரண்டி பொடி, கொதிக்கும் நீர், முதல் டிகாக்ஷன் மட்டும். இரண்டாம் முறை நீர் ஊற்றி இறக்குவதை இரவுக்கு வைப்பதில்லை. பால் உங்கள் விருப்பம். தினமும் ஒரே நேரம், ஒரே தம்ளர். பகலில் காபியைக் குறைத்துக்கொண்டோம். காலையில் ஒன்று, அவ்வளவுதான். உங்கள் அத்தைக்கு இதயத் துடிப்புக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் அளவைக் கூட்டுமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இதையெல்லாம் சரிபார்த்த பிறகும் குறையவில்லை என்றால் காபியோடு போராடிக்கொண்டிருக்காமல் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது.

வலி வரும் நேரத்தையும் விடும் நேரத்தையும் அத்தையையே எழுதச் சொல்லுங்கள். வீட்டில் தினசரி நாட்காட்டி இருக்கும் இல்லையா?